குறை சொல்லி விற்ற லொறி

என் மாமியின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பேச்சு வரவேற்பு அல்ல. கலியாணம் பேசி முடிக்கிற நாளில் என் வாப்பாவும் நானும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் மாமிமார் மருமகன் முன்னால் வந்து நிற்பதில்லை. உள் அறை வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார்கள். அன்றைக்கும் குரல் சீலைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

"மகள் நிறம் குறைவு. கறி ஆக்கினா உப்புக் கூடும். கோவம் வந்தா ரெண்டு நாளைக்கு ஒருத்தரோடயும் கதைக்க மாட்டாள். தெரிஞ்சுதான் வந்தீங்களா? மறுகா வந்து என்னட்டக் கேக்கப்படாது."

வெற்றிலைத் தட்டுக்கு நீட்டிய கையை வாப்பா அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"நல்லதையும் ரெண்டு சொல்லலாமேம்மா."

"நல்லத நீங்களே தேடிக் கண்டுபுடிங்க. அதுக்குத்தானே வாறீங்க."

இந்த மனிசியின் கூரைக்குக் கீழேதான் நான் பிறகு வருஷக் கணக்கில் இருந்தேன். எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடும் வளவும் பெண்ணுடையவை. எனவே எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் எழும்பிப் போக இடமில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவன். நல்லதைச் சொல்லி விற்பதுதான் என் பிழைப்பு. "சாயம் போகாது, துவைக்கத் துவைக்க மினுங்கும்" என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், எந்தப் பொருளையும் எந்த ஆளையும் பார்த்தவுடன் அதில் உள்ள கெட்டதை எடுத்து முன்னால் வைக்கிற ஒரு குரல் சீலைக்குப் பின்னால் காத்திருக்கும்.

பள்ளிவாசலுக்குத் தொழுவிக்கப் புதிதாக வந்த லெப்பை மரியாதைக்கு வீட்டுக்கு வந்தபோது, "ஓதுறது நல்லம், ஆனா தொண்ட அடைக்கிது, பின் வரிசைக்குக் கேக்கல்ல எண்டு கதைக்கிறாங்க" என்றார். அடுத்த வீட்டுக் கிழவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனவர்கள் எல்லாரும் சுகமாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மாமி மட்டும் அவருடைய மகனைக் கூப்பிட்டு, "இந்த வருத்தம் மாறாது. கொழும்பில இரிக்கிற தம்பிக்குத் தந்தி அடி" என்றார். தந்தி அடித்தார்கள். தம்பியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். அந்த வீட்டார் அதற்குப் பிறகு மாமியோடு கதைக்கவில்லை. மாமி பேசத் தொடங்கினால் சனங்கள் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் அது எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

இப்படிப்பட்ட ஒருவர் ஒரு பழைய டீசல் லொறியை விற்க வேண்டி வந்தது.

அது பின்னால் திறந்த பெட்டி வைத்த சின்ன லொறி. அந்த நாளில் எங்கள் ஊரில் ஓடிய வாகனங்களில் அநேகம் பெற்றோல் வாகனங்கள். இது டீசல். இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலை முடிந்து போன ஓர் ஒப்பந்தக்காரர் விற்றுப்போட்டதை என் மாமா, அதாவது மாமியின் கணவர், வாங்கிக்கொண்டு வந்தார். அதற்காகக் கரைவாகு வட்டையில் இருந்த வயல் போனது. வயல் மாமியுடையது. அவருடைய உம்மா கொடுத்த சீதனம். லொறி மாமாவின் பெயரில் எழுதப்பட்டது.

மாமா அதில் நெல் ஏற்றினார், கருவாடு ஏற்றினார். அக்கரைப்பற்றுச் சந்தைக்குச் சுமை கொண்டுபோனால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கிவிடுவார். சைக்கிள் வைத்திருக்கிற மனிதர் என்றால் விஷயம் மறைந்திருக்கக்கூடும். அந்த லொறி ஒழுங்கைக்குள் திரும்பினால் அடுத்த ஒழுங்கையில் தூங்குகிற பிள்ளை எழும்பும். அக்கரைப்பற்றில் ஒரு வீட்டு வாசலில் அது அடிக்கடி நிற்பதை ஊர் பார்த்தது. பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். மாமாவுக்கு அங்கே இன்னொரு பெண்சாதி இருந்தாள், ஒரு பெண்பிள்ளையும் பிறந்திருந்தது. மாமி அழுததை யாரும் பார்க்கவில்லை. மாமா வீட்டுக்கு வந்தபோது, "சோறு இரிக்கி. பாய் இல்ல" என்று மட்டும் சொன்னாராம். அதை என் மனைவி எனக்குச் சொன்னாள்.

எனக்குக் கலியாணமாகி இரண்டாம் வருஷம் மாமா அந்த அக்கரைப்பற்று வீட்டிலேயே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். காலையில் ஒரு ஆள் வந்து வாசலில் நின்று, மையித்தை இங்கே கொண்டுவருவதா என்று கேட்டான். வீடு முழுக்கச் சனம். என் மனைவியும் அவள் தங்கையும் குளறி அழுதுகொண்டிருந்தார்கள். சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மையித்த அவடத்தயே அடக்குங்க. லொறிய இஞ்ச அனுப்புங்க."

குளறிய பெண்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். ஊர் அந்தப் பேச்சை நெடுநாள் மறக்கவில்லை. நாங்கள் ஆண்கள் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போய் அடக்கிவிட்டு வந்தோம். பின்னேரம் கூலிக்குப் பிடித்த டிரைவர் ஒருவன் லொறியைக் கொண்டுவந்து வளவில், கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டான். திறப்பு, லொறியின் சாவி, மாமியின் கைக்குப் போனது. மாமி நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆட்களைக் காணாமல் இத்தா இருக்கத் தொடங்கினார்.

லொறி நின்ற இடம்தான் சிக்கல். என் மனைவியின் தங்கைக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். வீடு கட்ட வளவில் இருந்த ஒரே இடத்தை லொறி பிடித்துக்கொண்டிருந்தது. வீடு கட்டுவதற்கான வழியும் அந்த லொறியை விற்பதுதான். நிந்தவூரார் மாதத்துக்கு ஒரு தரம் ஆள் அனுப்பி, அத்திவாரம் வெட்டியாச்சா என்று கேட்பார்கள். அத்திவாரம் வெட்ட வேண்டிய மணலில் கறுப்பு ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கோழி முட்டையிட்டது.

இத்தா முடிந்ததும் வாங்க ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் எங்கள் ஊர்க் கருவாட்டு வியாபாரி. லொறியைச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டி, முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சீலை பேசியது.

"காலையில தள்ளாம ஓடாது. டீசல் தீர உட்டா குழாய்க்குள்ள காத்துப் புடிக்கும், மறுகா டீசல் ஊத்தினாலும் ஓடாது, மெக்கானிக் வரணும். பிறேக் அடிச்சா இடப்பக்கம் இழுக்கும். ஒயில் குடிக்கும். கண்ணாடி தொடைக்கிற கை வேல செய்யா. இதில அக்கரப்பத்தில ஒருத்திக்கும் பங்கிரிக்கி, அவள் கையெழுத்து வைக்காம பேர் மாறாது. இதெல்லாம் தெரிஞ்சு வாங்குறண்டா விலயக் கதைங்க."

மாமிக்கு லொறி ஓட்டத் தெரியாது. அதில் ஏறியதும் இல்லை. ஆனால் மாமா அதைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளே இருந்து கேட்டு வைத்திருந்தார்.

கருவாட்டு வியாபாரி தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். வேலிக் கடப்பு வரைக்கும் நான் கூடப் போனேன். "தம்பி, இவ்வளவத்தையும் வாயால சொல்லுறா எண்டா, சொல்லாம உட்டது எவ்வளவு இரிக்கும்?" என்றார். அதோடு போய்விட்டார்.

அதுதான் நடந்தது, வந்த ஒவ்வொருவரோடும். உள்ளதைச் சொன்னால் அதற்கு மேலே இன்னும் இருக்கிறது என்று நினைத்தார்கள். குறையை அவர்களாகச் சொன்னாலோ மாமிக்குப் பொறுக்காது. விலையைக் குறைக்க நினைத்த ஒருவன் "குப்ப லொறி" என்றான். "குப்பய வாங்கவா இவ்வளவு தூரம் வந்த? உன்ட வளவில குப்ப இல்லையா?" என்று துரத்திவிட்டார். இன்னொருவன் புகழ்ந்து பார்த்தான், நல்ல இரும்பு என்றான். "இரும்பு வேணுமெண்டா இரும்புக் கடைக்குப் போ." லொறியைக் குறை சொல்லும் உரிமை மாமி ஒருவருக்குத்தான் இருந்தது.

நிந்தவூரில் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று கதை வந்தது. என் மனைவியின் தங்கை சாப்பிடாமல் கிடந்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில், நீங்கள் ஒரு ஆம்பிளைதானே என்ற கேள்வி இருந்தது. நான் ஒரு வேலை செய்தேன். மாமியின் சகோதரி மகளுக்குப் பிள்ளைப்பேறு. மாமி அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. அவர் போன மறுநாள் மெக்கானிக் ஒருவனைக் கூட்டிவந்து, பட்டரி மாற்றி, குழாயில் காற்று எடுத்து, லொறியை ஓட வைத்தேன். அட்டாளைச்சேனையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். வெட்டுக் காலத்தில் அருவி வெட்டி நெல் அறுக்கிற பெண்களை வயலுக்கு ஏற்றிப்போக அவருக்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. மாமி வீட்டில் விட்டுப்போயிருந்த திறப்பைத் திருகினேன், பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை தென்னை ஓலைக்கு மேலே போனது. நல்ல சாமான், நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே பார்க்கிறீங்க என்றேன். அவர் ஒழுங்கை முடியும் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மணலில் பிறேக் இழுப்பது தெரியாது. பங்குக்காரியிடம் கையெழுத்தை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அச்சாரம் வாங்கினேன்.

மாமி திரும்பி வந்தார். வளவில் கால் வைத்ததும் டயர்த் தடத்தைப் பார்த்தார். மகளிடம் கேட்டார். மகள் சொல்லிவிட்டாள். மாமி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டாளைச்சேனைக்கு ஆள் அனுப்பினார்.

அந்த மனிதர் அடுத்த நாள் மாமியிடம் வந்துவிட்டு, அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார். கூட மூன்று பேர். கடையில் பெண்கள் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிறேக் இடப்பக்கம் இழுக்கிற லொறியில பொம்பிளைகள ஏத்தச் சொல்லுறியா? வாய்க்கால் கட்டில போகக்குள்ள இழுத்தா என்ன செய்யிற?"

"மெதுவாகக் கதைங்க."

"என்னத்துக்கு மெதுவா? நீ துணியும் இப்புடித்தான் விக்கிறயா?"

கையில் பிடித்திருந்த துணியை ஒரு பெண் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மற்றவர்களும் போனார்கள். அச்சாரத்தைக் கொடுத்து அனுப்பினேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளை வேலியில் சாய்த்தேனா எறிந்தேனா என்று ஞாபகமில்லை.

"மாமி," என்று சீலையைப் பார்த்துக் கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நீங்க இந்த லொறிய விக்கவா நிக்கிற, இல்ல சனத்த வெரட்டவா நிக்கிற? உங்கட மகள் கிழவியாகினாலும் பரவாயில்லையா?"

சீலை விலகியது. மாமி வெளியே வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் நேரே நின்றார். மெலிந்த, உயரமான மனிசி. கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதையே நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஏசுங்க. ஏசி முடிங்க. மறுகா நான் சொல்லுறன்."

ஏசினேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். நிந்தவூரைச் சொன்னேன். மாமாவின் மையித்து விஷயத்தையும் சொன்னேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மாமி முழுக்கக் கேட்டார்.

"அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தன்," என்றார். "உங்கட மாமா ஒரு கடுதாசியக் கொண்டு வந்தாரு. என்னது எண்டு கேட்டன். ஒண்டுமில்ல, வெரல வை எண்டாரு. கையெல்லாம் தவிடு. தொடச்சிட்டு வெச்சன். வெள்ளாம வெட்டுற நேரம் வயலுக்குப் போனா, வேற ஆக்கள் வெட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒண்டுமில்ல எண்டாரே, அந்த ஒண்டுமில்லதான் இந்தா நிக்கிது." கையால் லொறியைக் காட்டினார். "அதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு சொல்லாம ஒருத்தன்ட தலையில கட்ட என்னால ஏலா. உங்களால ஏலும். நீங்க யாவாரி."

இதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதைவிடக் கோபம் வரவழைக்கிற விஷயம் வேறு இல்லை. "அப்ப இது இஞ்சயே உக்கட்டும்" என்றேன். "உக்கட்டும்" என்றார் மாமி. அதற்குப் பிறகு பல வாரம் எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு என் மனைவி வழியாகத்தான் போனது. அவருக்கு உப்பு வேண்டுமா என்று கேள். வேண்டாமாம் என்று சொல்.

கடைத்தெருவில் நான் பட்ட அவமானம் மட்டும் ஊர் ஊராகப் போனது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் வீரமுனையும் ஒன்று. அங்கே செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் காலை வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வயது ஐம்பதுக்கு மேலே, கைகால் எல்லாம் செம்மண் தூசி. லொறியைப் பார்க்கக்கூட இல்லை. நேரே விறாந்தையில் வந்து உட்கார்ந்தார்.

"உம்மா, குறையெல்லாம் நீங்களே சொல்லுவீங்களாம். சொல்லுங்க கேப்பம்."

மாமி சொன்னார். அவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக் கேட்டார். பிறேக் எப்போதிருந்து இழுக்கிறது, ஒயில் எங்கேயிருந்து சொட்டுகிறது என்று திருப்பிக் கேட்டார். மாமி தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். இவரும் எழும்பப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை.

"நான் ரெண்டு லொறி வாங்கின ஆள் உம்மா. ரெண்டையும் நல்லது மட்டும் சொல்லித்தான் எனக்குத் தந்த. ரெண்டும் சூளைக்குப் பக்கத்தில துருப்புடிச்சி நிக்கிது. எது பழுது எண்டு தெரியாம எல்லாத்தையும் கழட்டினதிலதான் நான் கெட்ட. இதில எதக் கழட்ட வேணும் எண்டு நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். அக்கரப்பத்துப் புள்ளையிர கையெழுத்துக்கு நான் போறன்."

"அவள் வரமாட்டாள்," என்றார் மாமி.

வந்தாள். அடுத்த வாரம் சூளைக்காரர் அவளையும் அவளுடைய தம்பியையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். என் மனைவியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது. வளவில், லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாமி அன்றைக்குச் சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. விறாந்தைப் படியில் வந்து நின்றார். என் மனைவி பாயை எடுத்தாள்.

"தேத்தண்ணி குடு. பாய் போடாத," என்றார் மாமி.

"ராத்தா," என்று அக்காவைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கினாள் அவள்.

"ராத்தா எண்டு கூப்பிடாத."

"மறுகா என்னெண்டு கூப்பிடுற?"

"கூப்பிடவே தேவல்ல. வந்த விசயத்தச் சொல்லு."

"லொறி பாக்க வாற ஆம்பிளைகளிட்ட எல்லாம் என்னப் பத்திச் சொல்லுறீங்களாம். அக்கரப்பத்துச் சந்தையில என்ன விரல் காட்டிக் கதைக்கிறாங்க. அதக் கேக்கத்தான் வந்த. கையெழுத்து மறுகா."

"உனக்குப் பங்கில்லையா?"

"இரிக்கி."

"அப்ப நான் சொன்னது பொய்யா?"

அவள் என் மனைவியின் பக்கம் திரும்பினாள். தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கி, குடிக்காமல் லொறியின் பெட்டி விளிம்பில் வைத்தாள். "கருவாட்டு யாவாரத்தில வாங்கின லொறி எண்டுதான் எனக்குச் சொன்ன," என்றாள்.

"என்ட வயல வித்து வாங்கினது."

"எனக்குத் தெரியா."

"தெரிஞ்சிருந்தா?"

நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தோம். அவள் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நான் என்றால் சொல்லியிருப்பேன்.

"தெரிஞ்சிருந்தாலும் கட்டியிருப்பன். எங்கட வாப்பாக்கு நாலு குமர்ப் புள்ளைகள். கேட்டு வந்த ஆள் அவரு ஒருத்தர்தான்."

 மாமியின் வாய் ஒரு தரம் திறந்து மூடியது. அதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"பங்கு வேணுமா?" என்றார் கடைசியில்.

"வேணும். புள்ள ஒண்டு இரிக்கி."

"எடு."

சூளைக்காரர் தொண்டையைக் கனைத்தார். அப்படியென்றால் பேசி முடிப்போம் என்றார். அப்போது அக்கரைப்பற்றுக்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இவவுக்குத் தெரியாத குறை ஒண்டும் இரிக்கி. ஒருக்கா மதகில ஏறிப் பொறண்டது. அடிச் சட்டம் வளைஞ்சி, நிமித்தி ஒட்டி வெச்சிரிக்கி. கீழ போய்ப் பாருங்க."

"எப்ப?" மாமியின் குரல் படியிலிருந்து பாய்ந்தது.

"சம்மாந்துறையில நெல்லுச் சூடடிப்புக்கு நிக்கிறன் எண்டு ஒரு கிழம வராம இருந்தாரே, அப்ப. கை வீங்கிக் கிடந்தாரு. நான்தான் ஒத்தடம் குடுத்த."

"மாடு முட்டின எண்டு சொன்னாரு," என்றார் மாமி. யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு, "இத ஏன் முந்திச் சொல்லியனுப்பல்ல? இது தெரியாம நான் எத்தன பேருக்கிட்ட லொறியக் கதைச்சன்!" என்று சீறினார்.

"நீங்க என்னட்டக் கேட்டாத்தானே."

சூளைக்காரர் சால்வையை விரித்து லொறிக்கு அடியில் படுத்தார். எழும்பி வந்து, ஒட்டு இருக்கிறது, நல்லாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் விலை குறையும் என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில், "குறையத்தான் வேணும்" என்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்கரைப்பற்றுக்காரியின் பங்கு காசாகக் கொடுப்பதென்றும், எங்கள் பங்குக்குச் சூளைக்காரர் செங்கல் தருவதென்றும் முடிவானது. செங்கல் வேண்டும் என்று கேட்டது மாமி. காசு என்றால் கையில் நிற்காது, கல் என்றால் ஒருவரும் ஒண்டுமில்லை என்று சொல்லி எடுத்துப்போக ஏலாது என்றார். கையெழுத்துகள் வைத்தார்கள். அக்கரைப்பற்றுக்காரி பஸ்ஸுக்கு எழும்பினாள். கடப்பு வரைக்கும் போனவளை மாமி நிறுத்தினார்.

"அவர எவடத்தில அடக்கின?"

"பள்ளிக்குப் பின்னால, மதிலோட."

"நிழல் இரிக்கா?"

"இல்ல. ஒரே வெயில்."

"இரிக்கட்டும்," என்றார் மாமி. "நீ இனி இஞ்ச வரத் தேவல்ல."

"வரமாட்டன்."

அவள் சொன்னபடியே பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. குடிக்காத தேத்தண்ணீரை மாமி எடுத்துத் தென்னை மூட்டில் ஊற்றினார்.

லொறியை ஒழுங்கை மணலில் தள்ளி எடுக்க எட்டுப் பத்துப் பேர் வந்தார்கள். தள்ளியவர்களில் அடுத்த வீட்டில் மௌத்தான கிழவரின் மகனும் இருந்தான். லொறி போவதைப் பார்க்க எல்லாருக்கும் அவ்வளவு ஆசை. இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டு போனது. மாமி வெளியே வரவில்லை.

ஒரு மாதத்தில் அது சுமையோடு திரும்பி வந்தது. சூளைக்காரர் பிறேக்கைச் சரிசெய்துவிட்டார். காலையில் தள்ள வேண்டிய வேலை மட்டும் மாறவில்லை. சுமை சுமையாகச் செங்கல் வந்து இறங்கியது. மாமி ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, வெடித்தது, வேகாதது எல்லாவற்றையும் ஒரு பக்கம் எறிந்தார். சூளைக்காரர் எறிந்ததை எண்ணாமல் திருப்பி ஏற்றிக்கொண்டு போய் வேறு கல் கொண்டுவந்தார். ஒயில் ஊறிய மண்ணை வெட்டி எடுத்துக் கடற்கரையில் கொட்டிவிட்டு அத்திவாரம் போட்டோம். சுவர் எழும்பியதும் நிந்தவூரார் முகம் மாறியது. அந்த மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தபோது மாமி, "மேக்கால சுவர் ஒரு விரல்கட சரிவு, மழைக்குக் குசினியில ஒழுகும்" என்று சொல்லித்தான் உள்ளே கூட்டிப்போனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் கலியாணம் நடந்தது.

கடைசிச் சுமை இறக்கிய நாள் வெள்ளிக்கிழமை. கடை பூட்டு. நான் விறாந்தையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மாமி பழையபடி சீலைக்குப் பின்னால் போயிருந்தார். சூளைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"உம்மா, நீங்க சொன்ன குறை அம்புட்டும் மெய். சொல்லாத குறை ஒண்டும் இதுவரைக்கும் வரல்ல. வேற என்னவும் விக்க இரிக்கா?"

"மருமகன் ஒருத்தர் இரிக்காரு."

சூளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நகத்தைப் பார்த்தேன்.

"கொறட்ட உடுவாரு," என்றது சீலை. "மூக்கு நுனியில கோவம். வாங்கின சாமான வாங்கின இடத்தில உட்டுட்டு வருவாரு. சாயம் போகாது எண்டு சத்தியம் பண்ணி விப்பாரு, போகும். மாமியக் கண்ணில காட்ட ஏலா."

சூளைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லது ஒண்டும் இல்லையா உம்மா?"

 வேண்டாம் என்று நினைத்தும் என் காது சீலையின் பக்கமே நின்றது.

"ஒண்டு இரிக்கி. நான் கதைச்சா மத்த ஆக்கள் எழும்பிப் போயிருவாங்க. இவரு இருந்து கேப்பாரு. கேட்டு முடிச்சித்தான் ஏசுவாரு."

அப்போது நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு வாளி தண்ணீர் அள்ளி முகத்தில் ஊற்றினேன். அந்த வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில், மாமி கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் எழும்பிப் போனது அந்த ஒரு நாள்தான்.